உங்களுக்குத் தெரியுமா? அந்தக் கரையில் நாயகன், இந்தக் கரையில் எதிரி

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் வருபவருக்கு முதலில் எதிர்ப்படுவது மண்டைதீவுச் சந்தி. அதற்கப்பால் அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு. குறிகட்டுவானில் படகேறினால் நயினாதீவு, நெடுந்தீவு. வரைபடத்தில் தூவிவிட்ட புள்ளிகளாகத் தெரியும் இந்தத் தீவுகளுக்குள் ஒரு காப்பியத் தலைவன் பட்டினி கிடந்து உயிர்விட்டிருக்கிறான். ஒரு கடலரசனை ஒரு நூல் தோற்கடிக்க, ஊர் அவனுக்குக் கோட்டை கட்டிக் கொடுத்திருக்கிறது. இங்கே கால்பதித்து வளர்ந்த இரண்டு எழுத்தாளர்கள் உலகம் பார்த்த திரையில் நல்லவர் என்றும் கெட்டவர் என்றும் சொல்லமுடியாத மனிதர்களாக நடித்திருக்கிறார்கள். கதாநாயகன் யார், வில்லன் யார் என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித்தந்தது போதாது என்பது என் எண்ணம். இம்மாதத் துணுக்குகள் அதைப் பற்றியவை.

★

ஊருக்கெல்லாம் சோறு போட்டவன் பசியால் செத்தது எந்தத் தீவில் தெரியுமா? மணிபல்லவத்தில். மணிமேகலைக் காப்பியம் சொல்லும் அந்தத் தீவு நயினாதீவே என்பது பலருடைய கொள்கை. காரைநகர் என்பாரும் உண்டு.

அவன் பெயர் ஆபுத்திரன். பெற்றவள் போட்டுவிட்டுப் போக, ஏழு நாள் பசு பாலூட்டி வளர்த்த பிள்ளை. வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை இரவோடிரவாக அவிழ்த்துக் கொண்டுபோனான் என்று ஊரார் கள்வன் பட்டம் கட்டித் துரத்தினார்கள். மதுரைக்குப் போய்ப் பிச்சை எடுத்தான். எடுத்ததைக் குருடருக்கும் முடவருக்கும் கொடுத்து, மிஞ்சியதைத் தான் உண்டான். சிந்தாதேவி இரங்கி அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கொடுத்தாள். இந்திரனுக்கு அது பொறுக்கவில்லை. அவன் அனுப்பிய தண்டனை என்ன தெரியுமா? நல்ல மழை. நாடு செழித்தது, பசித்தவர் ஒருவரும் இல்லாமற் போனார்கள், பாத்திரத்துக்கு வேலை இல்லை.

சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறினான். வழியில் காற்று மோசமானதால் கப்பல் மணிபல்லவத்தில் ஒருநாள் தங்கியது. இவன் கரையிறங்கினான். இவன் ஏறிவிட்டான் என்று நினைத்து இரவில் பாய் விரித்துவிட்டார்கள். ஆளில்லாத தீவு, கையிலே ஆயிரம் பேருக்குச் சோறு போடும் பாத்திரம், ஊட்டுவதற்கு ஒருவர் இல்லை. தான்மட்டும் உண்டு உயிர்வாழ மனம் ஒப்பாமல், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாதிருந்து இறந்தான். விட்டுப்போனவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒன்பது செட்டிகள் அவனைத் தேடித் திரும்பி வந்தார்கள். அவன் இறந்தது கண்டு அவர்களும் அங்கேயே உணவு மறுத்து மாண்டார்கள். அந்த எலும்புகளைத் தீவின் காவல் தெய்வமான தீவதிலகை காட்டும் இடம் தமிழ்க் காப்பியங்களிலேயே மனத்தை மிகவும் அசைக்கும் இடங்களில் ஒன்று என்பேன்.

வாளெடுக்காத, நாடு பிடிக்காத, கள்வன் என்று பெயரெடுத்த ஒருவனைக் காப்பியத்தின் உயிராக வைக்க மணிமேகலையைப் பாடிய சாத்தனாருக்குத் துணிவு இருந்தது.

★

அதே தீவில் ஒரு சிம்மாசனச் சண்டையும் நடந்திருக்கிறது. மணிபல்லவத்துப் புத்தபீடிகைக்காக இரண்டு நாக அரசர்கள் மோதினார்கள், புத்தர் வந்து தடுத்தார் என்கிறது மணிமேகலை. பாலி மொழி மகாவம்சமும் ஏறக்குறைய இதையே நாகதீபத்தில் வைத்துச் சொல்கிறது. அங்கே சண்டையிட்டவர்கள் மகோதரன், சூளோதரன் என்ற மாமனும் மருமகனும். தமிழ் நூலும் பாலி நூலும் ஒத்துப்போகும் அபூர்வமான இடம் இது. இரண்டிலும் சண்டையில் வென்றவன் என்று எவனுமில்லை.

★

நெடுந்தீவின் வெடியரசனைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்?

சிலப்பதிகாரத்தில் இவன் இல்லை. ஈழத்தில் வழங்கும் 'கண்ணகி வழக்குரை'யில் இருக்கிறான். கண்ணகிக்குச் சிலம்பு செய்ய வேண்டும்; அதற்குப் பரலாக இட நாகமணி வேண்டும்; அது நாகதீவில் இருக்கிறது. மீகாமன் என்பவன் கப்பலோடு புறப்படுகிறான். வழியிலே நெடுந்தீவில் இருந்து இந்தக் கடலை ஆளும் வெடியரசன் மறிக்கிறான். போர் மூள்கிறது. வெடியரசன் தோற்கிறான். கடலோட்டுக் காதை என்ற பெயரில் இந்தப் பகுதி இருக்கிறது. மட்டக்களப்புப் பக்கத்துக் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது வழக்குரையை இன்றும் படிக்கிறார்கள்.

வழக்குரையின் கண்ணில் மீகாமன் நாயகன், வெடியரசன் இடையூறு. ஆனால் முக்குவர் மரபுக் கதைகளில் வெடியரசனே முன்னோன், மானமுள்ள தலைவன். தன் கடலுக்குள் கேளாமல் நுழைந்த கப்பலை மறித்தான், அவன் செய்த குற்றம் அவ்வளவுதான். நெடுந்தீவின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் இடிபாட்டைச் சனம் வெடியரசன் கோட்டை என்றே சொல்லும். தொல்லியலாளர்கள் அதைப் பௌத்த தூபிகளின் எச்சம் என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். ஏட்டில் தோற்ற ஒருவனுக்கு ஊர் தன் கையிலிருந்த கல்லை எடுத்துக் கோட்டை என்று பெயர் வைத்துக் கொடுத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

★

எதிரியைப் புகழ்ந்து எழுதிய நூல் எது? மகாவம்சம். சிங்கள மன்னன் துட்டகைமுனுவைக் காவிய நாயகனாக்கவே அந்த நூலின் நீண்ட அதிகாரங்கள் எழுதப்பட்டன. இருந்தும், அவன் போரிட்டு வீழ்த்திய தமிழ் மன்னன் எல்லாளன் 44 ஆண்டுகள் பகைவர்க்கும் நண்பர்க்கும் ஒரே நீதி செலுத்தினான் என்று அதே நூல் சொல்கிறது. கன்றைத் தேரேற்றிக் கொன்ற மகனுக்கு மரணதண்டனை கொடுத்த கதை அங்கேயும் வருகிறது. நமக்கு அது மனுநீதிச் சோழன் கதை. எல்லாளன் விழுந்த இடத்தில் நினைவிடம் எழுப்பி, அதைக் கடக்கும்போது மேளதாளம் நிறுத்தப்பட வேண்டும் என்று கைமுனு ஆணையிட்டான் என்றும் அதே நூல் பதிந்திருக்கிறது. பிற்காலத்து மேடைகளில் இரு தரப்பாரும் சௌகரியமாக விட்டுவிட்ட பக்கங்கள் இவை.

★

முதலாம் பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டுச் சிங்கள அரசன். மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சத்துக்கு அவனே மாபெரும் நாயகன். திருவாலங்காட்டுச் சோழர் கல்வெட்டுக்கோ அவன் ஊராத்துறை முதலிய துறைகளில் படையும் கப்பலும் திரட்டிய பகைவன். ஊராத்துறை என்றது நம் ஊர்காவற்றுறைதான். நயினாதீவில் இருக்கும் அவனுடைய தமிழ்க் கல்வெட்டைப் பாருங்கள். அங்கே அவன் போர் பேசவில்லை. பிறநாட்டு வணிகர் வந்தால் காப்பாற்ற வேண்டும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு, மற்றச் சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி என்று கணக்குச் சொல்கிறான். ஒரே மனிதன், மூன்று முகம்.

★

தமிழின் மிகப் பழைய காதல் நாயகனுக்குப் பெயரில்லை. அகப்பாட்டில் தலைவனுக்கோ தலைவிக்கோ பெயர் சொல்லக்கூடாது என்பது விதி. நெடுநல்வாடையில் எவர் பெயரும் இல்லை. ஆனாலும் அரசனுடைய பாசறையில் ஒரு வேலின் தலையில் வேம்பு கட்டியிருப்பதாக வந்துவிட்டது. வேம்பு பாண்டியனுடைய அடையாளம். அந்த ஒரு வேப்பிலைக்காக அதை அகத்திலிருந்து புறத்துக்கு மாற்றினார்கள் உரையாசிரியர்கள்.

★

மாடு திருடப் போகிறவனுக்கும் பூச்சூட்டிய இலக்கியம் நம்முடையது. ஆநிரை கவரப் போகிறவன் வெட்சி சூடுவான். மீட்கப் போகிறவன் கரந்தை சூடுவான். கவர்ந்தவனையும் மீட்டவனையும் ஒரே புலவர் கூட்டம் பாடியது. மீட்கப் போய் இறந்தவனுக்கு நடுகல் நட்டு வழிபட்டது.

★

பரணி நூல்களுக்குத் தோற்றவன் பெயரையே வைப்பார்கள். கலிங்கத்துப்பரணியில் வென்றவன் குலோத்துங்கன், படை நடத்தியவன் கருணாகரத் தொண்டைமான்; நூலின் தலைப்பில் இருப்பதோ தோற்ற கலிங்கம்.

★

காப்பியத் தலைவன் தனக்கு நிகரில்லாதவனாக இருக்க வேண்டும் என்று தண்டியலங்காரம் பிற்காலத்தில் இலக்கணம் சொன்னது. அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு சிலப்பதிகாரத்துக்குப் போங்கள். கோவலன் அரசனில்லை, வீரனில்லை. மனைவியை விட்டுப் போனான், செல்வத்தைத் தொலைத்தான், மாதவியின் பாட்டைத் தவறாக விளங்கிக்கொண்டு அவளையும் விட்டான். செய்யாத களவுக்குக் கொலையுண்டான். தமிழின் முதல் காப்பியமே நிகரில்லாத் தலைவனைத் தூக்கி வைத்துவிட்டுச் சறுக்கி விழுந்த ஒரு வணிகன் மகனை எடுத்துக்கொண்டது. பெருமை எல்லாம் கண்ணகிக்குப் போயிற்று, கோயிலும் அவளுக்கே. நம் தீவுகளில் புங்குடுதீவுக் கண்ணகை அம்மன் கோயில் எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தின் பழைய கண்ணகை கோயில்கள் பல 19ஆம் நூற்றாண்டிலிருந்து இராசராசேசுவரி என்றும் புவனேசுவரி என்றும் பெயர் மாற்றிக்கொண்டன. வணிகர் குலத்துப் பெண்ணைச் சைவர் வணங்கலாமா என்று ஆறுமுக நாவலர் காலத்தில் எழுந்த கேள்வி அதற்கு ஒரு காரணம். தெய்வமான பிறகும் அவள் வழக்குரைக்க வேண்டியிருந்தது.

★

கணவனை மலையிலிருந்து தள்ளிக் கொன்றவளைத் தலைவியாக வைத்த காப்பியமும் தமிழில் உண்டு. குண்டலகேசி. கொலைத்தண்டனைக்கு இழுத்துப்போகப்பட்ட கள்வன் காளன் மீது ஒரு செட்டியின் மகள் ஆசை வைத்தாள், தகப்பன் அவனை மீட்டுக் கலியாணம் செய்து கொடுத்தான். பிறகு அவனே அவளைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப் போனான். சாகுமுன் உங்களை மூன்றுமுறை வலம்வந்து கும்பிட வேண்டும் என்று சொல்லிப் பின்னால் போனவள் தள்ளிவிட்டாள். அதற்குப் பின் துறவியானாள், வாதில் வென்ற பௌத்தப் பேரறிஞராக உயர்ந்தாள். நூல் அழிந்துவிட்டது, சில பாடல்களே மிஞ்சியிருக்கின்றன. கதை நமக்குக் கிடைப்பது அவளை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசியின் உரை வழியாக. அந்த நீலகேசியின் தலைவி யார் தெரியுமா? பழையனூர் நீலி, பேய்! பேயைச் சமணத் துறவியார் ஒருவர் திருத்த, அது ஊர் ஊராகப் போய்த் தத்துவம் பேசுகிறது. கொலை செய்தவளும் பேயும் காப்பியத் தலைவியராக இருந்த மொழியில், நல்லவர்களைப் பற்றி மட்டும் எழுத வேண்டும் என்று இன்றைக்குச் சொல்பவர்களை எனக்கு விளங்குவதில்லை.

★

சீவக சிந்தாமணியின் சீவகன் எட்டுப் பெண்களை மணந்தான். நூலுக்கே மணநூல் என்று பெயர் வந்தது. கடைசியில் துறவி.

★

வரலாற்றிலே ஒருவன் நாயகனும் கொடியவனும் ஒருங்கே ஆனதற்குச் சங்கிலியைப் போல் வேறு சான்று யாழ்ப்பாணத்தில் இல்லை.

கத்தோலிக்கருக்கு அவன் 1544இல் மன்னாரில் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற சுமார் 600 பேரைக் கொல்வித்த அரசன். அவர்கள் வேதசாட்சிகள். மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்த அதிகாரி மேக்கறூன் கேட்க 1736ஆம் ஆண்டளவில் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையிலும் சங்கிலி நல்லவனாக இல்லை. வைபவமாலை வேறொரு குழப்பத்தையும் செய்துவிட்டது. 16ஆம் நூற்றாண்டுச் சங்கிலி வேறு. 1619இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டுக் கோவாவில் கொல்லப்பட்ட சங்கிலி வேறு. நூல் இருவரையும் ஒருவராக்கிவிட்டது. சுவாமி ஞானப்பிரகாசர் போன்றவர்கள் பிறகு பிரித்துக் காட்டினார்கள். ஒருவனுடைய கொடுமையும் மற்றவனுடைய தியாகமும் ஒரே தலையில் ஏறியதற்கு அந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

20ஆம் நூற்றாண்டில் காற்று மாறியது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 'சங்கிலி' நாடகம் எழுதினார். 1974இல் நல்லூர் முத்திரைச் சந்தியில் வாளேந்திய சிலை எழுந்தது. இப்போது அவன் அந்நியருக்கு அடிபணியாத கடைசித் தமிழரசன். சைவரும் கத்தோலிக்கரும் அடுத்தடுத்த வளவில் வாழும் தீவகத்தில் இந்த இரண்டு கதையையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்ல வேண்டும். மன்னாரில் மாண்டவர்களும் தமிழரே, கோவாவில் மாண்டவனும் தமிழனே.

★

சங்கிலியைக் காட்டிக்கொடுத்தவன் என்று வைபவமாலை சொல்வது காக்கைவன்னியனை. 1803இல் ஆங்கிலேயருக்கு எதிராகப் போரிட்ட பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுத்தவன் என்று வன்னி நாடகங்கள் சொல்வதும் காக்கைவன்னியனையே. நடுவிலே ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள்! தோல்விக்கு ஓர் ஆளைக் கைகாட்ட வேண்டியிருந்த இடமெல்லாம் அந்தப் பெயர் வந்து நின்றது.

★

யாழ்ப்பாணத்தில் விடிய விடியப் பார்த்த கூத்து எது என்று கிழவர்களைக் கேட்டால் காத்தான் கூத்து என்பார்கள். காத்தவராயன் முத்துமாரியின் பிள்ளை. ஆரியப்பூமாலை மீது ஆசைப்பட்டான். தாய் தடுத்தாள், நடக்கமுடியாத வேலைகளை எல்லாம் செய்துவரச் சொன்னாள். மாறுவேடம், சூழ்ச்சி, அடங்காமை எல்லாம் அவனிடம் உண்டு. முடிவில் கழுமரம். மேடையிலேயே கழுமரம் நட்டு நடிகன் ஏறும்போது சபையில் அழாதவர் இருக்கமாட்டார்கள். பாலனாக ஒருவர், வாலிபனாக ஒருவர் என்று ஒரே பாத்திரத்தைப் பலர் ஆடுவார்கள். சாதி வரம்பைக் காதலால் தாண்டியவன், அதற்காகக் கழுவேறியவன். அவனைத்தான் சனம் நேர்த்தி வைத்து ஆடியது. தமிழ்நாட்டில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரனுக்கும் இதே கதைதான். தண்டித்தது அரசு, கும்பிட்டது ஊர்.

★

கள்வனே கதாநாயகன் என்பதைச் சட்டமாக வைத்த நாடக வகை தெரியுமா? நொண்டி நாடகம். 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் தமிழ்நாட்டில் பெருகியது. தாசியிடம் பொருளைத் தொலைத்தவன் குதிரை திருடப் போவான், பிடிபடுவான், கால் வெட்டப்படும். பிறகு இறையருளால் கால் வளரும். ஒற்றைக் காலில் நின்று அவனே தன் கதையைச் சொல்லுவான். திருச்செந்தூர் முருகனுக்கும் நொண்டி நாடகம் உண்டு, வள்ளல் சீதக்காதி பேரிலும் உண்டு. அந்தக் கள்வன் பாடிய நொண்டிச்சிந்து மெட்டைப் பாரதியார் எடுத்து, நாட்டு மக்களின் நிலைகண்டு நெஞ்சு வெதும்பும் பாட்டுக்கு வைத்தார்.

★

பொய் சொல்லாத அரிச்சந்திரனை ஈழத்தில் கண்முன் நிறுத்தியவர் காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து. அவருடைய 'மயான காண்டம்' ஆயிரக்கணக்கான மேடை கண்டது. அரசனாக வரும் அரிச்சந்திரனைவிடச் சுடலை காக்கும் அரிச்சந்திரனைப் பார்க்கவே சனம் கூடியது.

★

இராவணனையும் இரணியனையும் தலைகீழாக்கிய இரண்டு நூல்கள்: பாரதிதாசனின் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' 1934இல் மேடையேறியது. புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வந்தது; 1948இல் சென்னை அரசு தடை செய்தது; 1971இல்தான் தடை நீங்கியது. நாயகனை மாற்றி எழுதியதற்காக ஒரு காப்பியம் 23 ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது.

ஈழத்தில் வேறு வழியால் போனார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைச் செப்பனிட்டு மேடைக்குக் கொண்டுவந்தபோது தயாரித்தவற்றில் ஒன்று 'இராவணேசன்'. மௌனகுரு இராவணனாக ஆடினார். அங்கே இராவணன் அப்பழுக்கற்றவனும் இல்லை, அரக்கனும் இல்லை. செய்தது பிழை என்று தெரிந்தும் திரும்பமுடியாத வீரன். தம்பியும் பிள்ளைகளும் ஒவ்வொருவராக விழ விழத் தனித்துப் போகும் அந்த மனிதனே எனக்கு இரண்டு கட்சிக்காரர்களின் இராவணனையும்விட நெருக்கமானவன்.

புதுமைப்பித்தன் இராமனிடமே போய்க் கேட்டார். 1943இல் எழுதிய 'சாப விமோசனம்' கதையில், இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேள்விப்பட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிவிடுகிறாள்.

★

வெளியுலகத்தில்: செர்வாண்டிசின் டொன் கிகோட்டே (1605) வீரகதைகளைப் படித்துப் படித்துக் காற்றாலையோடு போரிட்டவன். மில்டனின் 'இழந்த சொர்க்கம்' (1667) வாசித்தவர்கள் பலருக்கு நினைவில் நிற்பது சாத்தான். தாக்கரே தன் 'வேனிட்டி ஃபெயர்' நாவலுக்கு, நாயகன் இல்லாத நாவல் என்று துணைத்தலைப்பே வைத்தார். தஸ்தயேவ்ஸ்கி 1864இல் எழுதிய நிலவறைக் குறிப்புகளில், நாயகனுக்கு வேண்டாத குணங்களையெல்லாம் வேண்டுமென்றே ஒருவனில் சேர்த்திருப்பதாக அந்தப் பாத்திரமே சொல்கிறது. எதிர்நாயகன் என்று நாம் இன்று சொல்லும் ஆள் அதற்குப் பிறகுதான் உலகெங்கும் நடமாடத் தொடங்கினான்.

★

சங்கப் பாடல்களின் வீரர்களை ஹோமரின் வீரர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தவர் நம்மவர். க. கைலாசபதி பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் செய்த ஆய்வு, 1968இல் ஒக்ஸ்ஃபோட்டில் ஆங்கில நூலாக வந்தது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவரே. வீரன் என்பவன் ஒரு சமுதாயத்தின் தேவையில் பிறக்கிறான் என்ற பார்வையை ஈழத்து மாணவர்களுக்குப் பழக்கிவிட்டவர்.

சங்கக் கவிதையின் இயற்கையை உலகத்துக்குச் சொன்ன தனிநாயகம் அடிகள் பிறந்தது ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கரம்பொன்னில், 1913இல்.

★

ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படும் 'அசன்பே சரித்திரம்' (1885) ஈழத்தில் நடக்கவில்லை. சித்திலெப்பையின் நாயகன் அசன் எகிப்தில் வீரசாகசம் செய்தான். நம் மண்ணின் மனிதன் நாவலுக்குள் நாயகனாக நுழைய இன்னும் காலம் எடுத்தது.

★

அளவெட்டிக் கவிஞர் மகாகவி தன் காவியம் ஒன்றுக்கு 'ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்' என்று பெயரிட்டார். அந்தத் தலைப்பே ஒரு புரட்சி. அவருடைய 'புதியதொரு வீடு' பாநாடகம் கடற்றொழிலாளர் குடும்பத்துக் கதை. கடலுக்குப் போனவன் வரவில்லை, செத்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். அவன் மனைவியைத் தம்பி மணந்தான். பிறகு ஒருநாள் போனவன் திரும்பி வந்து நிற்கிறான். மூவரில் எவர் குற்றவாளி? தீவுக்கரையில் வாழ்ந்தவர்கள், திரும்பாத வள்ளத்துக்காகக் காத்திருந்தவர்கள், அந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லமாட்டார்கள்.

★

கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) நாவலில் தனி நாயகனைத் தேடாதீர்கள். ஒடுக்கப்பட்ட ஊரே அங்கே நாயகன். எஸ். பொன்னுத்துரையின் 'தீ' வேறு திசை. தன் உடலிச்சையின் வரலாற்றை மறைக்காமல் சொல்லும் ஒருவனை 1960களின் யாழ்ப்பாணத்தால் தாங்கமுடியவில்லை. தமிழ்நாட்டில் ஜி. நாகராஜன் 'நாளை மற்றுமொரு நாளே' (1974) நாவலில் கந்தன் என்ற பெண்தரகனின் ஒரே நாளைச் சொன்னார். மன்னிப்பும் கேட்கவில்லை, தண்டிக்கவும் இல்லை.

★

நாயகனை எழுதுவது ஒன்று, அந்த இடத்தில் போய் நிற்பது வேறு. மு. தளையசிங்கம் இரண்டையும் செய்தார்.

புங்குடுதீவில் 1935இல் பிறந்தவர். பேராதனையில் படித்து ஆசிரியரானார். 1965இல் 'புதுயுகம் பிறக்கிறது' சிறுகதைத் தொகுதி வந்தது. 'போர்ப்பறை', 'மெய்யுள்' என்று அவர் எழுதியவை தமிழ்ச் சிந்தனையில் தனி ஒரு தடம். கற்பனைப் பாத்திரங்களின் காலம் முடிந்து, எழுத்தாளன் தன் வாழ்வையே சோதனையாக வைக்கும் காலம் வந்துவிட்டது என்று நம்பியவர். தீவுகளில் நல்ல தண்ணீர் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே வாழ்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உவர்க்கிணறுகளுக்கு நடுவே ஒரு நன்னீர்க் கிணறு இருந்தால் ஊரே அங்கேதான் குடத்தோடு நிற்கும். 1971இல் கண்ணகை அம்மன் கோயிற் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்களும் தண்ணீர் அள்ள வேண்டும் என்று அவர்களோடு சேர்ந்து அறப்போர் நடத்தினார். கைதானார், பொலிஸ் காவலில் அடிபட்டார். அதன்பின் உடல் தேறவே இல்லை. 1973இல் இறந்தபோது நாற்பது வயதும் ஆகவில்லை.

அப்போது ஊரிலே பலருக்கு அவர் கலகக்காரர், கோயில் ஒழுங்கைக் கெடுக்க வந்தவர். இன்றைக்கு விழா மலர்களில் அவர் படம் போடுகிறோம். விழா மலரோடு நிறுத்தாமல் அவருடைய புத்தகங்களை நம் வாசிகசாலைகளில் வாங்கி வைக்க வேண்டும்.

★

மண்டைதீவுக்கு அடுத்த ஊர் அல்லைப்பிட்டி. அங்கே 1967இல் பிறந்த ஒருவர் பதின்ம வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குப் போனார், வெளியேறினார், தாய்லாந்து வழியாகப் பிரான்சுக்கு அகதியாகப் போனார். ஷோபாசக்தி. அவருடைய முதல் நாவல் 'கொரில்லா' 2001இல் வந்தது. குஞ்சன்வயல் என்ற தீவுக் கிராமம். கொரில்லா என்று ஊர் பட்டம் வைத்த சண்டியன் தகப்பன். அந்தத் தகப்பனிடமிருந்து தப்ப இயக்கத்துக்கு ஓடும் மகன். தகப்பனுடைய பட்டமே மகனுக்கும் வந்து ஒட்டிக்கொள்கிறது. அகதி விண்ணப்பக் கடிதமும் அடிக்குறிப்புகளும் கலந்த அந்த நாவலில் தியாகியும் இல்லை, துரோகியும் இல்லை. அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே நசுங்கிய பையன் ஒருவன் இருக்கிறான். இயக்கக் கதைகள் எல்லாம் ஒன்றில் வீரவணக்கமாக, அல்லது வசையாக இருந்த காலத்தில் அது வெளிவந்தது. ஆத்திரப்பட்டவர்கள் உண்டு, என் பார்வையில் போரைப் பற்றி ஈழத்தவர் எழுதிய நேர்மையான புத்தகங்களில் அது முன்வரிசை.

அவர் நடித்த 'தீபன்' 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது. செத்தவன் ஒருவனுடைய கடவுச்சீட்டோடு, முன்பின் அறியாத பெண்ணையும் சிறுமியையும் குடும்பமாக்கிக்கொண்டு பாரிசுக்கு ஓடும் முன்னாள் போராளி அந்தப் படத்தின் நாயகன். பொய்ப்பெயரில் உயிர்பிழைத்த நாயகன்.

★

கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலனை நெடுந்தீவோடு சேர்த்தே நினைக்க வேண்டும்; 'நெடுந்தீவு ஆச்சிக்கு' எழுதியவர் அவர். வெற்றிமாறனின் 'ஆடுகளம்' (2011) பார்த்தவர்களுக்கு அவர் பேட்டைக்காரன். சேவற்சண்டையில் பெரிய ஆசான். தன் சொல்லை மீறிச் சீடன் வென்றதைத் தாங்கமுடியாமல் அவனை அழிக்கச் சூழ்ச்சி செய்து, முடிவில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ளும் மனிதன். குருவாகத் தொடங்கிப் பகைவனாக முடியும் அந்த வேடத்துக்குத் தேசிய விருதுக் குழு தனிப்பாராட்டு வழங்கியது. நெடுந்தீவின் கவிஞர் மதுரைத் தெருவில் அந்தப் பொறாமையைக் கண்ணாலேயே காட்டினார்.

★

1990 ஆகஸ்டில் போரினால் மண்டைதீவும் தீவகத்தின் பெரும்பகுதியும் வெறுமையாயின. அப்போது விட்டுப்போன வீடுகளில் ஏடுகளும் அண்ணாவிமாரின் கூத்துக் கொப்பிகளும் எத்தனையோ அழிந்தன. மிஞ்சியவை இப்போது ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் அலுமாரிகளில் கிடக்கலாம். உங்கள் வீட்டில் காத்தான் கூத்துக் கொப்பியோ, வெடியரசன் கதை எழுதிய தாளோ, அம்மன் கோயிலில் படித்த வழக்குரை ஏடோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்துக்கோ கொடுங்கள். வாயால் பாடத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கைபேசியில் இந்த வாரமே பதிவுசெய்யுங்கள். பாடும்போது அவர்கள் யாரை நாயகனாகச் சொல்கிறார்கள், யாரைத் திட்டுகிறார்கள் என்பதை அப்படியே விடுங்கள், திருத்தவேண்டாம்.